செமஸ்டர் லீவில் கூடைப்பந்து: டெல்டா கல்லூரி வீரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்ததும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி பக்கத்துக் கல்லூரி டீம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருக்கிற கருத்து ஒன்றுதான். லீவில் இரண்டே விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்ச்சில் பயமில்லாமல் செய்யும் அளவுக்கு அவற்றைக் கொண்டுவாருங்கள். ஏழெட்டு விஷயங்களைத் தொட்டுத் தொட்டு விட்டால் காலேஜ் திறக்கும்போது எதுவும் கையில் நிற்காது.

லீவில் தினமும் சாயங்காலம் மேட்ச் ஆடுகிறோம். அதுவே பயிற்சிதானே?

மேட்ச் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. பத்துப் பேர் ஆடும் கோர்ட்டில் ஒருவர் கையில் பந்து இருக்கிற நேரம் மிகக் குறைவு. இடது கை லே-அப் (ஓடிவந்து எம்பி, ரிங்குக்குப் பக்கத்திலிருந்து போடுவது) போடும் வாய்ப்பு ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை வந்தாலே அதிகம். அந்த ஒரு தடவையும் தோற்கக் கூடாது என்று பழக்கப்பட்ட வலது கைக்கே பந்தை மாற்றிவிடுவோம். தெரிந்ததை இன்னும் நன்றாகச் செய்ய மேட்ச் உதவும். தெரியாததை அங்கே கற்றுக்கொள்ள முடியாது. தெரியாததற்குத் தனியாக முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிட்டு, அப்புறம் மேட்ச் ஆடுங்கள்.

எப்போது தொடங்கலாம்?

நம் பக்கத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் தொடங்கும் செமஸ்டரில் வருகின்றன. அதிலிருந்து பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிறவர்கள் தென்மண்டலப் போட்டிக்குப் போவார்கள். முதலமைச்சர் கோப்பையிலும் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. போட்டிகள் தொடங்கிவிட்டால் ஷூட்டிங் கையை, அதாவது பந்தைப் போடும் முறையை, மாற்ற நேரம் இருக்காது. பி.டி. சாரும் விட மாட்டார், அது சரிதான். ஆக, மே மாதமும் ஜூனும்தான் உங்கள் கையில் இருக்கும் காலம். பரீட்சை முடிந்ததும் பத்து நாள் பந்தைத் தொடாமல் இருந்தாலும் ஒன்றும் குறையாது. தூங்குங்கள், அம்மா கையால் சாப்பிடுங்கள், பழைய சுளுக்கு ஏதும் இருந்தால் ஆறட்டும்.

எந்த இரண்டு விஷயம் என்று எப்படி முடிவு செய்வது?

உங்களுக்குப் பிடித்ததை எடுக்காதீர்கள். எதிர் டீம் உங்களை எங்கே தள்ளுகிறதோ அதை எடுங்கள். கார்டு ஆடும், அதாவது பந்தைத் தட்டி முன்னால் கொண்டுபோகும் பையனை எல்லா டீமும் இடது பக்கமே விரட்டினால், அவனால் இடது கையில் போக முடியாது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்று அர்த்தம். உங்களை மூன்று பாயிண்ட் கோட்டில் யாரும் காவலே காக்காமல் விட்டால் அதற்கும் காரணம் அதுதான். போன சீசனில் யாராவது போனில் எடுத்த மேட்ச் வீடியோ இருந்தால் பாருங்கள். நீங்கள் பாயிண்ட் எடுத்த இடங்களை ஓட்டிவிட்டு, பந்தை இழந்த இடங்களை மட்டும் பாருங்கள். அப்புறம் பி.டி. சாரிடமோ சீனியர் அண்ணனிடமோ, அக்காவிடமோ, ‘என்னை எப்படி நிறுத்துவீங்க?’ என்று நேராகக் கேளுங்கள். வருகிற பதில் கொஞ்சம் வலிக்கும். எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே ஒரு அளவும் எடுத்துவிடுங்கள். ஐந்து இடங்களிலிருந்து பத்துப் பத்து ஷாட், இருபது ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்), இடது கையில் இருபது லே-அப். எத்தனை விழுந்தது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இதை வாரம் ஒரு தடவை மட்டும் செய்தால் போதும். தினமும் எண்ணிக்கொண்டிருந்தால், எண்ணிக்கை கூடுவதற்காகப் பழைய தப்பான கைக்கே திரும்பிவிடுவீர்கள்.

என் ஷூட் தட்டையாகப் போகிறது என்கிறார்கள். பந்து விழுந்தால் போதாதா? எதற்கு உயரம்?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ. ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. நேர் மேலிருந்து பார்த்தால் இரண்டு பந்து அளவுக்குக் கிட்டத்தட்ட இடம் இருக்கிறது. ஆனால் பந்து நேர் மேலிருந்து வருவதில்லை, சாய்ந்து வருகிறது. 45 டிகிரி கோணத்தில் இறங்கும் பந்துக்கு அந்த ரிங் சுமார் 32 செ.மீ. திறப்பாகத்தான் தெரியும். 30 டிகிரியில் வந்தால் திறப்பு 22.5 செ.மீ., பந்தைவிடச் சின்னது. அந்தப் பந்து ரிங்கில் படாமல் நேராக உள்ளே போக வழியே இல்லை. தட்டையாகப் போடுகிறவருக்கு விழுகிற பந்தெல்லாம் ரிங்கில் அடித்து, போர்டில் பட்டு விழுவது இதனால்தான். காற்று அடித்தால், கை களைத்தால் அதுவும் விழாது.

மாற்றுகிற வழி பொறுமையானது. ரிங்கிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நில்லுங்கள். ஒரே கையில், மற்றக் கை பந்தைத் தொடாமல் போடுங்கள். முழங்கை ரிங்கைப் பார்க்கட்டும். பந்து உள்ளங்கையில் உட்காராமல் விரல்களில் இருக்கட்டும். விட்ட பிறகு மணிக்கட்டு கீழே தொங்கி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ரிங்கைப் பார்த்து நிற்க வேண்டும். பந்து ரிங்கைத் தொடாமல் வலையில் மட்டும் விழுந்தால்தான் கணக்கு. அப்படித் தொடர்ந்து ஐந்து விழுந்ததும் ஒரு எட்டுப் பின்னால் போங்கள், தவறினால் ஒரு எட்டு முன்னால் வாருங்கள். முதல் வாரத்தில் ஃப்ரீ த்ரோ கோட்டைத் தாண்டவே மாட்டீர்கள். பக்கத்தில் ஒருவன் மூன்று பாயிண்ட்டாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருப்பான். அவனைப் பார்க்காதீர்கள்.

தூரத்துக்குப் பலம் கால்களிலிருந்து வர வேண்டும். முட்டியை மடக்காமல் தோளால் மட்டும் தள்ளினால் பந்து தட்டையாகத்தான் போகும். பழைய பழக்கம் விட்டுப் புதியது வரும்வரை நடுவில் ஒரு மோசமான காலம் வரும். பழையதும் விழாது, புதியதும் விழாது. அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். அந்த மோசமான காலத்தை மே மாதத்தில் கடந்துவிடலாம், தோற்க அப்போது மேட்ச் இல்லை. செப்டம்பரில் வந்தால் தாங்க முடியாது.

தினமும் எத்தனை ஷாட் போட வேண்டும்? ஆயிரம் என்கிறார்கள்.

எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். களைத்த கையால் கடைசியில் போடுகிற முன்னூறு ஷாட் தப்பைத்தான் பழக்கும். கை சரியாக வருகிற வரைக்கும் போடுங்கள், கோணுகிற நேரத்தில் நிறுத்துங்கள். நின்ற இடத்தில் நின்று போடுவதை மூன்றாவது வாரத்தோடு குறைத்துவிட்டு, ஓடிவந்து பாஸ் வாங்கிப் போடுவதைக் கூட்டுங்கள். மேட்ச்சில் யாரும் உங்களுக்கு மூச்சு வாங்க நேரம் தந்து பந்து தர மாட்டார்கள்.

ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு தனி வேண்டுகோள். ஐம்பது, நூறு என்று ஒரே மூச்சில் நின்று போடாதீர்கள். மேட்ச்சில் பெரும்பாலும் இரண்டு இரண்டாகத்தான் வரும், அதுவும் ஓடிக் களைத்த பிறகு. எனவே ஒவ்வொரு பயிற்சிக்கும் நடுவில் கோர்ட்டை ஒரு தடவை முழுக்க ஓடிவிட்டு இரண்டு போடுங்கள். நடுவர் பந்தைக் கையில் தந்ததும் 5 விநாடிக்குள் போட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பழகுங்கள்.

இடது கை வரவே மாட்டேன் என்கிறது.

பந்தை வைத்துக்கொண்டு மட்டும் பழகினால் போதாது. டம்ளர் பிடிப்பது, பல் தேய்ப்பது, கதவு திறப்பது எல்லாவற்றையும் இடது கையில் செய்யுங்கள். டிரிபிளில் பந்தைப் பார்க்காமல் இருக்க, எதிரே ஒரு நண்பன் விரல்களைக் காட்டட்டும், எத்தனை என்று சொல்லிக்கொண்டே தட்டுங்கள். லே-அப்பில் எல்லோரும் விடுகிற தப்பு, கை மாறியும் கால் மாறாமல் இருப்பது. இடது கை என்றால் வலது காலில் எம்பி, இடது முட்டி மேலே வர வேண்டும். முதலில் பந்தே இல்லாமல் நடந்து பாருங்கள். கால் சரியானால் கை தானாக வந்துவிடும்.

அக்னி நட்சத்திர வெயிலில் எப்படிப் பயிற்சி செய்வது?

வெயிலில் செய்யாதீர்கள், அவ்வளவுதான். மே மாதத்தில் விடிவதற்கு முன், ஐந்தே காலுக்கு எழுந்து ஐந்தே முக்காலுக்குக் கோர்ட்டில் நின்றால் ஏழரைக்குள் வேலை முடிந்துவிடும். சாயங்காலம் சூரியன் இறங்கிவிட்டாலும் சிமெண்ட் தளம் ஏழு மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். சாயங்காலம்தான் முடியும் என்றால் ஏழுக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் ஆடுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கத்துப் பிள்ளைகள் கடல் காற்றை நம்பி ஏமாற வேண்டாம். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வெயில் குறைவாகத் தெரிந்தாலும் உடம்புச் சூடு ஏறும். முதல் வாரம் அரை மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

தண்ணீரோடு உப்பும் போகிறது. நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் போவதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. நீர்மோரும் நல்லது. அதிகம் வியர்க்கிறவர்கள் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு மட்டமாகக் கலந்து எடுத்துப் போகலாம். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. தலை சுற்றல், வாந்தி, குளிர் நடுக்கம் வந்தால் உடனே நிழலுக்கு வாருங்கள். ஒரு பையன் உளற ஆரம்பித்தால், நிற்க முடியாமல் தடுமாறினால், தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். ‘கொஞ்ச நேரத்தில் சரியாயிடும்’ என்று காத்திருக்காதீர்கள்.

எங்கள் கிராமத்தில் கோர்ட்டே இல்லை. லீவில் என்ன செய்வது?

தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கமோ திருச்சி அண்ணா விளையாட்டரங்கமோ பஸ்ஸில் போகிற தூரம் என்றால் வாரத்தில் இரண்டு நாள் போய் வாருங்கள், ஷூட்டிங்கை அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களுக்கு ஊரில் இருக்கிற உலர்களம் போதும். சிமெண்ட் களத்தில் பந்து நன்றாக எழும்பும். டிரிபிள், பிவட் (ஒரு காலை ஊன்றிச் சுழல்வது), டிஃபென்ஸ் கால் நகர்த்தல் எல்லாம் அங்கேயே செய்யலாம். சுவர் இருந்தால் பாஸும் பழகலாம். செஸ்ட் பாஸ் இல்லாமல் ஒற்றைக் கையால் தள்ளும் பாஸை இரண்டு கையிலும் பழகுங்கள், மேட்ச்சில் அதுதான் அதிகம் தேவைப்படும். ஆனால் ஒன்று: உளுந்தோ பயறோ கோடை நெல்லோ காய்கிற நாளில் களத்துப் பக்கம் போக வேண்டாம். அது ஒரு வீட்டின் மொத்த உழைப்பு.

ஓட்டத்துக்கு ஆறு இருக்கிறது. மேட்டூர் திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. அதற்கு முன் காவிரி, வெண்ணாறு, அரசலாறு எல்லாம் பல இடங்களில் மணலாகத்தான் கிடக்கும். மணல் ஓட்டம் முட்டிக்கு அடி குறைவு, ஆனால் கெண்டைக்காலுக்கும் குதிநரம்புக்கும் வேலை அதிகம். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். மணல் எடுத்த பள்ளம் இருக்கிற இடங்களில், இருட்டில், இறங்கவே கூடாது. தண்ணீர் திறந்த செய்தி வந்துவிட்டால் அன்றோடு ஆற்றை விட்டுவிடுங்கள்.

எங்கள் கோர்ட்டில் கோடுகள் வேறு மாதிரி இருக்கின்றனவே?

பழைய கோர்ட்டாக இருக்கும். 2010-க்கு முன் ரிங்குக்கு முன்னால் உள்ள பெட்டி சரிவக வடிவில் இருந்தது, மூன்று பாயிண்ட் கோடு 6.25 மீட்டரில் இருந்தது. இப்போது பெட்டி செவ்வகம், கோடு 6.75 மீட்டர், மூலைகளில் மட்டும் 6.60. அரை மீட்டர் என்பது ஷூட்டருக்குப் பெரிய வித்தியாசம். அளவு நாடா வைத்து அளந்து சுண்ணாம்பால் புதுக் கோடு போட்டுவிடுங்கள். ஃப்ரீ த்ரோ கோடு போர்டின் முகப்பிலிருந்து 4.6 மீட்டர். ரிங்கின் உயரத்தையும் அளங்கள், 3.05 மீட்டர் இருக்க வேண்டும். தளத்துக்கு மேல்பூச்சு மேல்பூச்சாகப் போட்டு உயர்த்திய இடங்களில் ரிங் தாழ்ந்து நிற்கும். அதில் பழகிவிட்டுப் போட்டிக்குப் போனால் எல்லா ஷாட்டும் குட்டையாக விழும்.

சிமெண்ட் தளத்தில் ஆடி முட்டி வலிக்கிறது.

முட்டிச் சில்லுக்குக் கீழே வலி, குதித்தால் அதிகம், உட்கார்ந்து எழுந்தால் அதிகம் என்றால் அது பெரும்பாலும் குதிக்கிறவர்களுக்கு வரும் தசைநாண் வலி. குதிப்பதைக் குறையுங்கள், முழு ஓய்வில் படுத்துக்கொள்ள வேண்டாம். சுவரில் முதுகு சாய்த்து நாற்காலியில் உட்காருவது போல அரை நிமிடம், முக்கால் நிமிடம் என்று உட்காரும் பயிற்சி பலருக்கு வலியைக் குறைக்கிறது. முட்டி வீங்கினால், பூட்டிக்கொண்டால், நிற்கும்போது நழுவினால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அடி தேய்ந்து வழுவழுப்பான ஷூவில் ஆடாதீர்கள். விலை உயர்ந்த ஷூ தேவையில்லை, பிடிப்பு தேவை.

ஜிம் இல்லை. பலம் எப்படிக் கூட்டுவது?

தண்டாலும் பஸ்கியும் நம் ஊருக்குப் புதிதா என்ன. பஸ்கியை ஒற்றைக் காலில், பின்கால் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசி வைத்துக்கொண்டால் எடையும் ஆயிற்று. படிக்கட்டு நுனியில் நின்று ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது கணுக்காலுக்கு. புல்-அப்புக்கு ஒரு கம்பியோ வேப்பமரக் கிளையோ போதும். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்பாவோடு வயல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் அன்றைக்கு இதைச் செய்ய வேண்டியதில்லை. மண்வெட்டி பிடித்த நாளில் தோளுக்கு வேறு பயிற்சி வேண்டாம்.

சாப்பாடு?

டெல்டாவில் சோற்றுக்குக் குறைவில்லை, புரதத்துக்குத்தான் குறை. பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் என்பது விளையாட்டு ஊட்டச்சத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25. மீன், பால், தயிர், கொண்டைக்கடலைச் சுண்டல், கெட்டியான பருப்பு எல்லாவற்றையும் மூன்று வேளைக்கும் பிரித்துச் சேருங்கள். பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் முட்டையும் கடலையும் வாங்கலாம் என்பது என் கருத்து.

நான் பெண்கள் டீமில் ஆடுகிறேன். எங்களுக்கு ஏதாவது வேறுபாடு உண்டா?

திறமைப் பயிற்சியில் ஒன்றும் கிடையாது. பந்து மட்டும் 6-ஆம் எண். லீவில் அண்ணன் தம்பிகளோடு 7-ஆம் எண் பந்தில் ஆடினாலும் ஷூட்டிங்கை 6-இல்தான் பழக வேண்டும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது முட்டி. முட்டிக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நடக்கிறது, பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும். குதித்து இறங்குவதையே ஒரு பயிற்சியாகச் செய்யுங்கள். படிக்கட்டிலிருந்து இறங்கிக் குதியுங்கள், சத்தமில்லாமல் முட்டி மடங்கி, இரண்டு முட்டியும் உள்ளே சாயாமல் நில்லுங்கள். போனில் முன்பக்கமிருந்து எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மற்ற சிக்கல் கோர்ட்டுக்கு வெளியே. கிரவுண்டுக்கு அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள் என்றால் தனியாகப் போராடாதீர்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்து, பி.டி. மேடத்தை வீட்டில் பேசச் சொல்லுங்கள். இந்திய அணியின் கேப்டனாக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட அனிதா பால்துரை தமிழ்நாட்டுக்காரர். அவரைப் பற்றி அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கோடையில் ஊர் ஊராக மின்னொளிப் போட்டிகள் நடக்கின்றன. ஆடலாமா?

ஆடுங்கள், அளவாக. பெரிய ஆட்களோடு மோதுவதில் கிடைக்கிற தைரியம் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் கை மாற்றிக்கொண்டிருக்கும் முதல் மூன்று வாரத்தில் வேண்டாம். இரவு ஒரு மணிக்கு மேட்ச் ஆடிவிட்டு காலை ஐந்தரைக்குப் பயிற்சிக்கும் வந்து நிற்க வேண்டாம், அடுத்த நாள் ஓய்வு எடுங்கள். ஆறேழு பேர்தான் சேர்கிறீர்கள் என்றால் மூன்றுக்கு மூன்று ஆடுங்கள். அரை கோர்ட், 10 நிமிடம் அல்லது 21 பாயிண்ட், 12 விநாடிக்குள் ஷூட். பந்து அடிக்கடி கைக்கு வரும், ஒளிந்துகொள்ள இடமில்லை. லீவுக்கு இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துக் கற்கலாமா?

பாருங்கள், ஆனால் எந்த விதியில் ஆடுகிறார்கள் என்று தெரிந்து பாருங்கள். என்.பி.ஏ.வில் மூன்று பாயிண்ட் கோடு 7.24 மீட்டர், வீரர்களுக்கு நடுவே இடம் அதிகம். அங்கே டிஃபென்ஸ் ஆள் யாரையும் காக்காமல் பெட்டிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நாம் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் நிற்கலாம். அவர்கள் தடையில்லாமல் உள்ளே பாய்கிற அதே இடத்தில் உங்களுக்கு ஒரு ஆறரை அடி ஆள் காத்திருப்பான். அதனால் ரிங் வரை போகாமல் நடுவில் நின்று இரண்டு கால் ஊன்றிப் போடுகிற சின்ன ஷாட்டை நம் பிள்ளைகள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. எப்போது திரும்ப ஆடலாம்?

நான்கு எட்டுகூட ஊன்றி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் முதலில் எக்ஸ்ரே. இழுத்து உருவி விடுவதெல்லாம் அப்போது வேண்டாம். எலும்புக்கு ஒன்றுமில்லை என்றால் முதல் இரண்டு நாள் கட்டு, காலை உயர்த்தி வைப்பது, துணியில் சுற்றிய ஐஸ். அப்புறம் வலி தாங்குகிற அளவுக்கு நடக்கத் தொடங்கிவிடலாம். ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கிற பயிற்சியை அன்றிலிருந்து விடாதீர்கள், ஒரு தடவை சுளுக்கிய கால் மறுபடி சுளுக்குவது சமநிலை போய்விடுவதால்தான். அடிபட்ட காலில் மட்டும் பத்துத் தடவை குதித்து, மற்றக் கால் அளவுக்கு உயரமும் நிதானமும் இருந்தால் மேட்ச்சுக்கு வரலாம். அதுவரை நாற்காலி போட்டு உட்கார்ந்தே ஷூட்டிங் கை பழகலாம், இடது கை டிரிபிளும் செய்யலாம்.